விருந்தினர் ‘இது எனக்கு ஆகாது’ என்றால்: ஹோம்ஸ்டே காலை உணவுக்கு ஓர் ஆலோசனை

கேள்வி: காரைக்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீட்டில் நான்கு அறைகளை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். வாடகையில் காலை உணவும் சேர்த்தி. சமையல் முழுக்க மாமியார் கையில். போன சீசனில் ஒரே வாரத்தில் ஒரு ஜைனக் குடும்பம், வீகன் (பால், நெய்கூடச் சேர்க்காதவர்கள்) என்று சொன்ன ஜெர்மன் தம்பதி, கோதுமையே ஆகாது என்ற ஒரு பெண்மணி என்று வரிசையாக வந்தார்கள். எல்லாமே அவர்கள் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மெனுவைப் பெரிதாக்க வேண்டுமா? கார்ன்ஃப்ளேக்ஸ், ஓட்ஸ், சோயா பால் எல்லாம் வாங்கி வைக்க வேண்டுமா? தனியாகச் செய்து கொடுத்தால் கூடுதல் காசு வாங்கலாமா? ‘ஒரு ஸ்பூன் நெய் விட்டால் தெரியவா போகிறது’ என்கிறார் மாமியார். அவருக்கு எப்படிச் சொல்வது?

பதில்: மெனுவைத் தொடவே வேண்டாம். நான்கு அறை வீட்டில் இருபது அயிட்டம் போட்டால் எல்லாம் பாதி ஆறித்தான் மேசைக்கு வரும். உங்கள் ஊர்க் காலை உணவே பலருக்கும் ஒத்துவரக்கூடியது. இட்லி, இடியாப்பம், ஆப்பம், கந்தரப்பம் எதிலும் கோதுமை கிடையாது. இறைச்சியும் முட்டையும் கிடையாது. குறை இருப்பது விருந்தினரிடம் நீங்கள் கேட்கும் விதத்தில்.

‘சாப்பாட்டில் ஏதாவது விருப்பம் உண்டா?’ என்று கேட்டால் பத்துப் பேரில் ஒன்பது பேர் ‘எல்லாம் சாப்பிடுவோம்’ என்றுதான் சொல்வார்கள். முன்பதிவு உறுதியானதும் வாட்ஸ்அப்பில் இப்படிக் கேளுங்கள்: ‘உங்களில் யாருக்காவது உடம்புக்கு ஆகாத உணவு உண்டா? மத வழக்கப்படியோ கொள்கைப்படியோ தவிர்ப்பது ஏதாவது உண்டா? முட்டை சாப்பிடுவீர்களா? காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள்?’ யாராவது ஒன்றைக் குறிப்பிட்டால் அடுத்த கேள்விதான் முக்கியம்: ‘தட்டில் இல்லாவிட்டால் போதுமா, இல்லை துளி பட்டாலும் ஆகாதா?’

உங்கள் வேலை எளிதா கடினமா என்பது இந்தக் கடைசிக் கேள்வியின் பதிலில் இருக்கிறது. கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புசம் என்பவருக்குப் பூரிக்குப் பதில் இடியாப்பம் வைத்தால் சரி. சீலியாக் நோய் உள்ளவருக்கு அது போதாது. கோதுமையில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் சிறிதளவு போனாலும் அவர் குடலைப் பாதிக்கும்.

அப்படிப்பட்டவர் வந்தால் முதலில் பெருங்காய டப்பாவை எடுத்துப் பாருங்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். லேபிளில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். சாம்பார், இட்லிப்பொடி, சட்னித் தாளிப்பு என்று அது எல்லாவற்றிலும் நுழைந்துவிடுகிறது. அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் தேடி வாங்குங்கள், இல்லையென்றால் அன்றைக்குப் பெருங்காயமே வேண்டாம். அடுத்தது மாவு மில். உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருப்பார்கள், அந்த மாவு இயந்திரத்தில் ஒட்டியிருக்கும், அதிலேயே உங்கள் இடியாப்ப அரிசியும் அரைபடும். வீட்டு கிரைண்டரில் ஆட்டிய இட்லி மாவு இந்த விஷயத்தில் நம்பகமானது. பூரி பொரித்த எண்ணெயில் பணியாரம் பொரிக்கக் கூடாது, சப்பாத்தி போட்ட கல்லில் தோசை கூடாது. ரங்கூன் புட்டு ரவையில் செய்வது, ரவை கோதுமைதான். இது வீட்டில் பலருக்கு நினைவுக்கே வராது. ஓட்ஸ் வாங்கி வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இவருக்கு அதுவும் உதவாது.

இன்னொன்று, ‘க்ளூட்டன் ஃப்ரீ’ என்று போர்டு வைக்காதீர்கள். பாக்கெட்டில் அப்படி அச்சிட ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது என்பது விதி. வீட்டுச் சமையலறையில் அதை யார் அளப்பது? ‘கோதுமை சேர்க்காமல் செய்தது, ஆனால் இதே சமையலறையில் கோதுமையும் புழங்குகிறது’ என்று சொல்லிவிடுங்கள். சாப்பிடலாமா என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

வேர்க்கடலை ஒவ்வாமை இதைவிட ஆபத்து. சில நிமிடங்களில் மூச்சுத்திணறல் வரை போகும். நாம் பெருமையாகச் சொல்லும் செக்குக் கடலெண்ணெய்தான் இங்கே வில்லன். நன்றாகச் சுத்திகரித்த கடலெண்ணெயில் ஒவ்வாமை உண்டாக்கும் புரதம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது, செக்கில் ஆட்டியதில் தங்கிவிடுகிறது. வேர்க்கடலைச் சட்னி அரைத்த மிக்ஸி ஜாரின் பிளேடுக்கு அடியில் ஒட்டியிருப்பது எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. தனியாக ஒரு ஜார் வாங்கி, மூடியில் சிவப்பு நூல் கட்டி வையுங்கள். அவர் தங்கும் நாட்களில் வீட்டில் யாருக்குமே வேர்க்கடலை வேண்டாம், நல்லெண்ணெயில் சமையுங்கள். ஆனால் எள் ஒவ்வாமையும் சிலருக்கு உண்டு, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பாதாம், முந்திரி ஆகாதா என்றும் தனியாகக் கேளுங்கள், பொங்கலில் முந்திரி போடுவோமே. 108 தவிர, பக்கத்தில் இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனையின் எண்ணும் சமையலறைச் சுவரில் இருக்கட்டும். இவ்வளவும் முடியாது என்று தோன்றினால், முன்பதிவின்போதே ‘எங்களால் உத்தரவாதம் தர முடியாது’ என்று சொல்லிவிடுவது நல்லது. ஒரு அறை வாடகை போனால் போகட்டும்.

வீகன் விருந்தினருக்கு இந்தப் பதற்றம் வேண்டாம். பால், தயிர், நெய், தேன் கூடாது, அவ்வளவுதான். ஆப்பத்துக்குத் தேங்காய்ப்பால், இடியாப்பத்துக்கும் அதுவே. வெள்ளைப் பணியார மாவில் பால் விடும் பழக்கம் இருந்தால் அன்றைக்குத் தண்ணீரோ தேங்காய்ப்பாலோ விடுங்கள். கும்மாயத்தைத் தவிர்த்துவிடுங்கள், நெய் இல்லாத கும்மாயம் யாருக்கும் வேண்டாம். சோயா பால் பெட்டி வாங்கி அடுக்க அவசியமில்லை; காபிக்கு மட்டும் கேட்டால் சின்ன பாக்கெட் ஒன்று போதும், பலர் கறுப்புக் காபியே குடித்துவிடுவார்கள்.

ஜைனக் குடும்பத்துக்கு வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட் என மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு, வேர் வகைகள் ஆகாது. பச்சை இஞ்சியும் அதில் சேர்த்தி, ஆனால் சுக்கையும் மஞ்சள்தூளையும் பலர் ஏற்றுக்கொள்வார்கள். கத்தரிக்காயைத் தவிர்ப்பவர்கள் உண்டு, அதனால் கோசமல்லி வேண்டாம். கண்டிப்பானவர்கள் இரவில் புளிக்க வைத்த மாவையும் தொடமாட்டார்கள், இட்லி அங்கேயே அடிபட்டுவிடும். அப்போது வெள்ளைப் பணியாரம்தான் கைகொடுக்கும். பச்சரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்தவுடன் ஊற்றுவதுதானே, புளிக்க விட வேண்டியதில்லை. கார சட்னியைப் பூண்டும் வெங்காயமும் இல்லாமல் தக்காளியும் மிளகாயும் வைத்து அரையுங்கள். சூரிய உதயத்துக்குப் பின் 48 நிமிடம் கழித்துத்தான் வாயில் எதையும் வைப்பது என்ற நோன்பு சிலருக்கு உண்டு, ஆறு மணிக்குக் காபித் தட்டோடு கதவைத் தட்டிவிடாதீர்கள். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் வேண்டுமா என்றும் கேளுங்கள். பலர் அதைத்தான் குடிப்பார்கள், கேட்கக் கூச்சப்படுவார்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: சர்க்கரை நோயாளிகள். உங்களுக்கு அடிக்கடி வரப்போவது அவர்கள்தான். சிலர் இன்சுலின் போட்டுக்கொண்டு மேசைக்கு வருவார்கள். எட்டு மணி என்று சொல்லிவிட்டு எட்டே முக்காலுக்கு இட்லி வந்தால் அவர்களுக்குச் சர்க்கரை இறங்கிவிடும். கேழ்வரகு தோசை, அடை எல்லாம் அப்புறம், முதலில் சொன்ன நேரத்துக்குத் தட்டு வரட்டும்.

மாமியார் விஷயம். ‘அப்படிச் செய்யக் கூடாது ஆச்சி’ என்று ஆரம்பித்தால் அடுப்படியில் சண்டைதான் மிஞ்சும். அவர் நெய் விடுவது ஏமாற்ற இல்லை, வந்தவர் ருசியாகச் சாப்பிடட்டும் என்றுதான். சுத்த சைவமான ஒருவருக்குத் தெரியாமல் கோழிச்சாறு ஊற்றினால் அவருக்கு எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், வீகன் உடனே புரிந்துவிடும். அப்புறம், ஒவ்வொரு பலகாரத்திலும் என்ன சேருகிறது என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி, எண்ணெய், தாளிப்பு உட்பட ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த முறை விருந்தினர் கேட்கும்போது அவரையே பதில் சொல்ல விடுங்கள்.

காசு பற்றி: பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால், பூண்டில்லாச் சட்னி, இதற்கெல்லாம் வாங்காதீர்கள், அற்பமாகத் தெரியும். நீங்கள் வழக்கமாகச் செய்யாத ஒன்றை டவுனிலிருந்து வரவழைக்கும்படி விருந்தினர் சொன்னால், பாதாம் பால், க்ளூட்டன் இல்லாத ரொட்டி மாதிரி, வாங்கும் விலையை முன்கூட்டியே சொல்லி அதை மட்டும் பில்லில் சேருங்கள்.