டீசல் கொட்டிய கொல்லை தேறுமா?

கேள்வி: கிணற்று மேட்டில் டீசல் கேன் கவிழ்ந்து, கொல்லையில் ஒரு பாத்தி முழுக்க ஊறிவிட்டது. அங்கே மல்லாட்டை (நிலக்கடலை) முளைக்கவே இல்லை. அந்த மண்ணை கவுண்டன்யா ஆற்றோரம் கொட்டிவிடலாமா? எண்ணெய் தின்னும் பாக்டீரியா என்று ஒரு பொடி விற்கிறார்கள், வாங்கலாமா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: ஆற்றில் கொட்டவே கொட்டாதீர்கள். பொடிக்கும் இப்போது அவசரமில்லை.

டீசலைத் தின்னும் உயிர்கள் உங்கள் கொல்லையிலேயே இருக்கின்றன. இலைகளின் மேலுள்ள மெழுகிலும் டீசலில் உள்ளதைப் போன்ற கார்பன் சங்கிலிகள்தான். சருகு விழும் மண்ணில் அவற்றை உண்ணப் பழகிய சூடோமோனாஸ், ரோடோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் இருக்கும். காட்பாடி லாரி ஷெட் மண்ணில் ஒரு சிட்டிகை எடுத்து, டீசலை மட்டுமே உணவாக வைத்துக் குடுவையில் வளர்த்திருக்கிறேன். சில நாளில் தண்ணீர் கலங்கும், மேலே மிதக்கும் படலம் துளித்துளியாக உடையும். எனக்கு அலுக்காத காட்சி அது.

முதலில் அவை சங்கிலியின் நுனியில் ஆக்சிஜனைச் சேர்க்கின்றன. அது ஆல்கஹாலாகி, கொழுப்பு அமிலமாக மாறும். அப்புறம் இரண்டிரண்டு கார்பனாக வெட்டித் தின்கின்றன. மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். ஆகவே காற்று இல்லாவிட்டால் வேலை படுத்துவிடும். இன்னொரு குறை: டீசலில் கார்பன் ஏராளம், ஆனால் பாக்டீரியா வளரத் தேவையான தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) இல்லை. 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் கப்பலிலிருந்து எண்ணெய் கொட்டியபோதும் கரையில் உரம்தான் போட்டார்கள், அங்கிருந்த பாக்டீரியாக்கள் வேலையை முடுக்கிவிட்டன.

நீங்களும் அதையே செய்யுங்கள். கிணற்றுக்கு அருகில் என்பதால், ஊறிய மண்ணை வெட்டி எடுத்து, மழைநீர் ஓடாத இடத்தில் தார்ப்பாய் மேல் பரப்புங்கள். மக்கிய எருவோடு கொஞ்சம் யூரியாவும் டிஏபியும் கலந்து, வாரம் ஒரு முறை மம்முட்டியால் புரட்டி விடுங்கள். ஈரம் இருக்கட்டும், சேறாக வேண்டாம். யூரியாவை அள்ளிப் போட்டால் பாக்டீரியாவே செத்துப்போகும். நம் வேலூர் வெயில் இதற்கு நல்ல துணை, மண் காயாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். சில மாதமாவது பிடிக்கும்.

ராணிப்பேட்டை ஆலைகளின் குரோமியக் கழிவுக்கு இந்த வழி போதாது. குரோமியம் தனிமம், எந்த உயிராலும் அதைத் தின்று தீர்க்க முடியாது, வடிவத்தைத்தான் மாற்ற முடியும். பழைய இன்ஜின் ஆயிலில் உலோகத் துகள்கள் இருப்பதால் அதையும் இதில் சேர்க்காதீர்கள்.

வாடை போனபின் கொஞ்சம் கேழ்வரகு விதைத்துப் பாருங்கள். முளைத்தாலும் அடுத்த போகத்தில் மல்லாட்டை வேண்டாம், அதன் காய் மண்ணுக்குள்ளேயே விளைகிறதே. பசுந்தாள் உரப் பயிரான சணப்பு போட்டு மடக்கி உழுங்கள். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து முடிவு வரும்வரை குடிக்காதீர்கள்.