மெழுகுவர்த்தி எதைக் காட்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டிய பங்கர்களைப் பற்றி வாசித்தேன். பதுங்கும் இடத்தை ஏன் நிலத்துக்கு மேலே கட்டினார்கள்? உள்ளே தரையில், இடுப்பளவில், தோளளவில் மூன்று மெழுகுவர்த்திகள் ஏற்றிக் காற்றைச் சோதிப்பார்களாம். எவ்வளவு எளிய, புத்திசாலித்தனமான ஏற்பாடு!

செந்தில்

அன்புள்ள செந்தில்,

ஹாம்பர்க் எல்பே ஆற்றங்கரை ஊர். கொஞ்சம் தோண்டினாலே ஊற்று. மேலே கட்டினால் வேலையும் சீக்கிரம் முடியும். அவ்வளவுதான்.

ஆனால் அந்த மெழுகுவர்த்தியை இப்படிக் கொண்டாடாதீர்கள். ஆக்சிஜன் ஏறக்குறைய 21 சதவீதத்திலிருந்து 16-க்கு இறங்கும்போது சுடர் அணையும். கூட்டம் நெரிந்து, விசிறி நின்றுபோன அறைக்கு அது உதவும். தரைச் சுடர் அணைந்தால் குழந்தைகளைத் தூக்கிக்கொள்ளலாம். ஆனால் தீயிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவை அது காட்டவே காட்டாது. காற்றில் 0.3 சதவீதம் இருந்தால் அரைமணி நேரத்தில் உயிர் போகலாம். சுடர் அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். இந்த வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. காற்றைவிடக் கனமுமில்லை, அதனால் தரையில் தேங்காது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்தைக் களைப்பென்று நினைத்தவர்கள் எழுந்திருக்கவில்லை.

1943 ஜூலை 27 இரவு, நள்ளிரவு தாண்டி, குண்டுவீச்சில் ஹாம்பர்க்கின் ஹம்மர்புரூக் பகுதியில் தீப்புயல் எழுந்தபோது பெரும்பாலோர் இருந்தது நீங்கள் வாசித்த கான்கிரீட் பங்கர்களில் அல்ல, குடியிருப்புகளின் நிலவறைகளில். ஒரு பக்கம் இடிந்தால் அடுத்த வீட்டுக்குத் தப்பிப் போக, நிலவறைகளுக்கு நடுவே சுவரில் வழி விட்டு, கோடரியால் உடைக்கும்படி மெல்லிய செங்கல்லால் அடைத்திருந்தார்கள். இடிபாட்டுக்கு அருமையான யோசனை. தெருவே எரியும்போது உடைத்த ஒவ்வொரு வழியும் புகைக்கும் வாயுவுக்கும் குழாயாகிவிடும்.

வடிகட்டி இருந்ததே என்பீர்கள். போர்வாயுவைப் பிடிக்கும் கரி கார்பன் மோனாக்சைடைப் பிடிக்காது. விசிறியைச் சுற்றினால் வெளித்தீயின் வாயு உள்ளே வரும். நிறுத்தினால் உள்ளிருப்பவர்களின் மூச்சே அறையை நிறைக்கும். அபாயம் நீங்கிய சங்கு ஊதும்வரை வெளியே வராதே என்றுதான் மக்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். சங்குக்குக் காத்திருக்காமல் ஈரப் போர்வையைச் சுற்றிக்கொண்டு, தெரு கொதிக்கும் முன்பே ஓடியவர்கள் சிலர் பிழைத்தார்கள்.

இரண்டு நாள் கழித்து, ஜூலை 30-க்கு முந்தைய இரவில், பார்ம்பெக் பகுதியில் ஹாம்பர்கர் தெருப் பதுங்கிடத்தில் 370 பேர் இறந்தார்கள். குண்டு அவர்களைத் தொடவில்லை. கார்பன் மோனாக்சைடு.