கேட் வரை வந்து திரும்பியவர்கள்: தொழிலாளர் சட்டம் கேள்வி – பதில்

கேள்வி: பல்லடம் பக்கத்தில் ஒரு பஞ்சாலையில் ஆறு வருடம் நான்கு மாதமாக ரிங் ஃபிரேம் சைடராக (நூல் நூற்கும் இயந்திரத்தின் பக்கங்களை, அதாவது 'சைடு'களைக் கவனிப்பவராக) வேலை பார்த்தேன். சென்ற மாதம் ஒரு நாள் இரவு ஷிஃப்டுக்குப் போனபோது, ஆள் குறைவு என்று சொல்லி, வழக்கமாகப் பார்ப்பதைவிட இரண்டு சைடு கூடுதலாகப் பார்க்கச் சொன்னார் சூப்பர்வைசர். வாக்குவாதம் முற்றவே, அடையாள அட்டையை வாட்ச்மேன் மேஜைமேல் வைத்துவிட்டு, பஞ்ச் செய்யாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஐந்து நாள் கோபத்தில் போகவில்லை. அடுத்த நான்கு நாள் காய்ச்சல், அதற்கு இ.எஸ்.ஐ. மருந்தகச் சான்று இருக்கிறது. மேலும் மூன்று நாள் உடம்பு தேறவில்லை. பதின்மூன்றாம் நாள் போனபோது கேட்டிலேயே நிறுத்தி, "நீயாகத்தான் வேலையை விட்டுப் போனாய், பெயரை எடுத்தாகிவிட்டது" என்றார்கள். முன்னறிவிப்புக் கொடுக்காததற்காக ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வார்களாம், பணிக்கொடையும் கிடையாதாம். இது சரியா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர் மாவட்டம்

பதில்: சரியல்ல. ஆனால் உங்கள் பக்கம் முழுவதும் சரி என்றும் நான் எழுதப் போவதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது உங்களுக்கு நல்லது.

வேலைக்கு வராமல் இருப்பது வேறு, வேலையைக் கைவிடுவது வேறு. முதலாவது ஒழுங்கீனம்; அதற்குத் தண்டனை உண்டு. இரண்டாவதில் தொழிலாளியே உறவை முறித்துக்கொள்கிறார். ஒருவர் வேலையைக் கைவிட்டாரா என்பது அவருடைய எண்ணத்தைப் பொறுத்த கேள்வி என்றும், அந்த எண்ணத்தைச் சூழ்நிலைகளிலிருந்துதான் கண்டறிய வேண்டும் என்றும் ஜி.டி.லாட் வழக்கில் 1979-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. உங்கள் விஷயத்தில் வேலையைக் கைவிடும் எண்ணம் இருந்ததாகக் காட்டக்கூடிய ஒரே பொருள், மேஜைமேல் நீங்கள் வைத்துவிட்டு வந்த அட்டை. நிர்வாகம் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டும். அதற்கு எதிர்ச்சாட்சியாக உங்களிடம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, பதின்மூன்றாம் நாள் நீங்களே திரும்பிப் போனது. மற்றொன்று, நீங்கள் காய்ச்சலுக்கு மட்டுமே பயன்படும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் இ.எஸ்.ஐ. சான்று. வேலையை விட்டுவிட்டதாக நினைத்த மனிதர், அதே ஆலையின் தொழிலாளி என்ற முறையில் மருந்தகத்தில் போய் நின்று சான்று வாங்கியிருக்க மாட்டார் அல்லவா?

அந்தச் சான்றுக்கு இன்னொரு பயனும் உண்டு. விடுப்பின்றித் தொடர்ந்து பத்து நாளுக்கு மேல் வராமல் இருப்பதை ஒழுங்கீனமாகக் கொள்வது மாதிரி நிலையாணைகளில் (ஆலையின் வேலை விதிகளுக்கான அரசின் மாதிரித் தொகுப்பு) நெடுங்காலமாக உள்ள விதி. உங்கள் பன்னிரண்டு நாளின் நடுவே சான்றுள்ள நான்கு நாட்கள் வந்து விழுவதால், 'தொடர்ந்து' என்ற சொல் அங்கே உடைகிறது. உங்கள் ஆலைக்கென்று சான்றளிக்கப்பட்ட நிலையாணைகள் இருந்தால் அவற்றில் நாள் கணக்கு வேறாக இருக்கலாம். அவற்றை நுழைவாயில் அருகே தமிழிலும் ஒட்டியிருக்க வேண்டும் என்பதால், உள்ளே விடாவிட்டாலும் நண்பர் ஒருவரை விட்டுப் படித்துவரச் சொல்லுங்கள்.

'இத்தனை நாள் வராவிட்டால் தானாக வேலையை விட்டதாகக் கருதப்படும்' என்ற வகை விதிக்கு ஒரு கதை உண்டு. சென்னை பக்கிங்ஹாம் அண்ட் கர்நாட்டிக் மில்லின் நிலையாணையில் எட்டு வேலைநாள் என்ற கணக்கு இருந்தது. 1960-களில் உச்ச நீதிமன்றம் அதை அப்படியே ஏற்றுக்கொண்டது. பல ஆலை அலுவலகங்களில் இன்றும் அந்தக் காலத்து நம்பிக்கைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 1993-ல் டி.கே.யாதவ் வழக்கில், நிலையாணையில் அப்படி எழுதியிருந்தாலும் தொழிலாளிக்கு விளக்கம் சொல்ல வாய்ப்புத் தராமல் பெயரை நீக்குவது இயற்கை நீதிக்கு முரண் என்று அதே நீதிமன்றம் தீர்ப்பளித்து, அவரை மீண்டும் பணியில் சேர்த்துப் பாதிப் பின்னூதியமும் (வேலையில் இல்லாத காலத்துக்கான ஊதியத்தில் பாதி) வழங்கச் சொன்னது. அந்தத் தொழிலாளி சொன்னதும் நீங்கள் சொல்வதுதான்: வேலைக்கு வந்தேன், கேட்டில் தடுத்தார்கள் என்பது. எனவே குற்றச்சாட்டுக் குறிப்பாணையும் உள்விசாரணையும் இல்லாமல் வாய்மொழியாகப் பெயரை எடுத்தது நிற்காது. ஆலை உங்கள் வீட்டு முகவரிக்கு ஏதாவது கடிதம் அனுப்பி, கோபத்தில் நீங்களோ வீட்டாரோ வாங்க மறுத்திருந்தால் மட்டும் நிலைமை மாறும். வாங்க மறுத்த கடிதம் சேர்ந்த கடிதமாகவே கொள்ளப்படும். அழைப்புக் கொடுத்தும் வரவில்லை என்ற வாதத்துக்கு நீதிமன்றங்கள் பலமுறை செவிசாய்த்திருக்கின்றன.

இனி உங்கள் தவறுக்கு வருகிறேன். கூடுதல் சைடு பார்க்கச் சொன்னது நியாயமற்றதாகவே இருக்கட்டும். அன்றிரவு உங்கள் சைடை யார் பார்த்தார்கள்? அறுந்த நூலை ஒட்ட ஆள் இல்லாமல் ஃபிரேமை விட்டுப் போக முடியாது என்பதால், எட்டு மணி நேரம் நின்று களைத்த முந்தைய ஷிஃப்ட்காரர்தான் பெரும்பாலும் மறு ஷிஃப்டும் பார்த்திருப்பார். நான் உட்கார்ந்து கேட்ட உள்விசாரணைகளில் நிர்வாகம் சாட்சியாகக் கொண்டுவருவது சூப்பர்வைசரை அல்ல, இந்த மனிதரைத்தான். சக தொழிலாளி எதிரே நின்று, "இவர் வராததால் நான் பதினாறு மணி நேரம் நின்றேன்" என்று சொல்லும்போது உங்கள் நியாயம் பாதியாகக் குறைந்துவிடும். பஞ்ச் செய்து உள்ளே போய், வழக்கமான சைடை மட்டும் பார்த்து, கூடுதல் வேலைக்கான ஆட்சேபத்தை எழுத்தில் கொடுத்திருந்தால் இன்று விளக்கம் சொல்ல வேண்டியவர் சூப்பர்வைசராக இருந்திருப்பார்.

நாளையே ஒரு கடிதம் எழுதுங்கள். "நான் வேலையை விடவில்லை. இன்ன தேதி, இன்ன நேரத்தில், இன்ன ஷிஃப்டுக்கு வந்தேன், கேட்டில் தடுக்கப்பட்டேன். இப்போதும் வேலைக்கு வரத் தயாராக இருக்கிறேன்" என்ற அளவில் போதும், சூப்பர்வைசரைத் திட்டும் வாசகம் ஒன்றுகூட வேண்டாம். மருத்துவச் சான்றின் நகலை இணையுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், விரைவுத் தபாலில் பதிவு வசதியும் ஒப்புகையும் கேட்டு அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். அங்கே 45 நாளில் முடிவு ஏற்படாவிட்டால் நீங்களே நேரடியாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுகள் தொகுப்புச் சட்டத்தில் இதற்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். முன்பு மூன்றாக இருந்தது.

பண விஷயம் எளிது. தனி ஒருவர் வராமல் போனால், வராத நாட்களுக்கு உரிய ஊதியத்தைத்தான் பிடிக்கலாம். நீக்கிவிட்டோம் என்று அவர்களே சொல்வதால், செய்த வேலைக்கான சம்பளம் முழுவதையும் இரண்டு வேலைநாளுக்குள் கொடுத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு முடித்தவருக்குப் பணிக்கொடை உரிமை. வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம், ஆலைச் சொத்துக்குச் சேதம் போன்றவற்றுக்காக நீக்கப்பட்டால்தான் அதில் கைவைக்க முடியும். வேலைக்கு வராதது அந்தப் பட்டியலில் இல்லை. அடிப்படை ஊதியமும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க 9,000. ஆறு ஆண்டுக்கு 54,000 ரூபாய். ஆனால் வேலையே திரும்ப வேண்டும் என்று போராட முடிவு செய்தால், பணிக்கொடை மனுவை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். வேலை முடிந்துவிட்டது என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள்.

கேள்வி: நாங்கள் பதினான்கு பேர், பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்ப்பவர்கள். பதினேழாம் தேதி ஆகியும் சம்பளம் வராததால் ஒரு நாள் காலை ஷிஃப்டுக்கு உள்ளே போகாமல் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பினோம். ஒரு நாள் வராததற்கு எட்டு நாள் சம்பளம் பிடித்திருக்கிறார்கள். சட்டத்திலேயே இருக்கிறதாமே?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சட்டத்தில் இருப்பது உண்மைதான் சகோதரி, ஆனால் அவர்கள் அந்த விதியைப் பாதிதான் படித்திருக்கிறார்கள். பத்துப் பேருக்குக் குறையாதவர்கள் சேர்ந்து, முன்னறிவிப்பும் தகுந்த காரணமும் இல்லாமல் வேலைக்கு வராதிருந்தால், எட்டு நாள் ஊதியம் வரை பிடிக்கலாம் என்பது 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டத்தில் இருந்து, இப்போதைய ஊதியத் தொகுப்புச் சட்டத்துக்கும் வந்திருக்கிறது. எட்டு நாள் என்பது உச்சவரம்பு. அதுவும் முன்னறிவிப்புத் தர வேண்டும் என்ற நிபந்தனை உங்கள் வேலை ஒப்பந்தத்தில் இருந்தால்தான் பொருந்தும். வேலையில் சேரும்போது ஒரு தாளும் கொடுக்காத கம்பெனி எந்த நிபந்தனையைக் காட்டும் என்று கேளுங்கள்.

இதைவிட முக்கியமானது 'தகுந்த காரணம்' என்ற சொற்கள். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பத்து நாள் தாமதித்துச் சட்டத்தை முதலில் மீறியவர், தன் கூலியைக் கேட்டு நின்றவர்களுக்குக் காரணம் இல்லை என்று சொல்வதை எந்த அதிகாரியும் எளிதில் ஏற்கமாட்டார். பதினான்கு பேரும் ஒரே மனுவில் கையெழுத்திட்டு, வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிய தேதிகளின் நகலோடு தொழிலாளர் துறையில் கொடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பலர் சேர்ந்து வேலையை நிறுத்துவது வேலைநிறுத்தம். முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் இருந்த முன்னறிவிப்புக் கட்டாயம் இப்போது எல்லாத் தொழிலுக்கும் வந்துவிட்டது: குறைந்தது பதினான்கு நாள் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும். ஒரே நாளில் பாதிப்பேரோ அதற்கு மேலோ பேசிவைத்துக்கொண்டு தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். முறையற்ற வேலைநிறுத்தத்துக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. பசியோடு கேட்டில் நிற்பவரிடம் பதினான்கு நாள் பொறு என்பது கொடுமைதான். இந்த விதியை எதிர்த்துத் தொழிற்சங்கங்கள் குரல் கொடுப்பதில் எனக்கும் உடன்பாடு உண்டு. இருந்தாலும் அடுத்த முறை உள்ளே போய் வேலையில் உட்கார்ந்துகொண்டே புகார் எழுதுங்கள். வேலைநிறுத்தம் செய்தவரை வேலையைக் கைவிட்டவர் என்று சொல்லி நீக்க முடியாது என்பதும் முன்பு சொன்ன 1979 தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த மிரட்டல் வந்தால் கலங்க வேண்டாம்.

கேள்வி: பல்பொருள் அங்காடி ஒன்றில் மாலை ஷிஃப்ட் பார்க்கிறேன். வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் மேலாளர் மேல் இருந்த ஆத்திரத்தில் "இனிமேல் வரமாட்டேன், ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பிவிட்டேன். இது ராஜினாமாவா?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: ராஜினாமா என்று அவர்கள் வாதிடலாம், அதனால் செய்தியை அழித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், அவர்கள் கைப்பேசியில் அது இருக்கும். ராஜினாமா ஏற்கப்பட்டு நடைமுறைக்கு வரும்முன் அதைத் திரும்பப் பெறலாம் என்பது நிலைபெற்ற கொள்கை. இன்று அடுத்த ஷிஃப்ட் தொடங்கும் முன்பே அதே எண்ணுக்கும், முடிந்தால் அலுவலக மின்னஞ்சலுக்கும், "ஆத்திரத்தில் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன், வேலைக்கு வருகிறேன்" என்று எழுத்தில் அனுப்பிவிட்டு நேரத்துக்குப் போய் நில்லுங்கள். குரல் செய்தியாக வேண்டாம்.

கேள்வி: என் மகன் சென்னையில் ஒரு கால் சென்டரில் சேர்ந்து மூன்று வாரப் பயிற்சி முடித்தான். முதல் இரவு ஷிஃப்டுக்கு வேன் வந்து நின்றபோது, முடியாது என்று ஊருக்கு வந்துவிட்டான். பட்டச் சான்றிதழின் அசலைக் கொடுக்க 50,000 ரூபாய் கேட்கிறார்கள்.
– ஒரு தாய், விழுப்புரம்

பதில்: பணம் பாக்கி என்பதும் சான்றிதழ் என்பதும் இரண்டு தனி விஷயங்கள் அம்மா. சான்றிதழ் அடகுப் பொருள் அல்ல. கடனுக்கு ஈடாக அதை வைத்துக்கொள்ளும் உரிமை வேலை கொடுத்தவருக்குக் கிடையாது. திருப்பித் தரக் கேட்டுத் தேதி குறிப்பிட்டு மகன் பெயரில் கடிதம் அனுப்புங்கள். தராவிட்டால் வழக்கறிஞர் அறிவிப்பும், தேவைப்பட்டால் காவல் நிலையப் புகாரும் கொடுக்கலாம்.

50,000 ரூபாயைப் பற்றி, 'பாண்டு (இடையில் விலகினால் பணம் தருவதாக எழுதிக்கொடுப்பது) எல்லாம் செல்லாது' என்று உறவினர்கள் சொன்னால், அதை நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று ஆண்டுக்குள் விலகினால் இரண்டு லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று ஒரு பொதுத்துறை வங்கி வைத்த நிபந்தனையை 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. ஆனால் அது போட்டித் தேர்வு நடத்தி ஆளெடுத்த வங்கியில், உயர்நிலை அதிகாரிப் பதவிக்கு. ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, எழுதியிருக்கும் தொகை உச்சவரம்பே தவிர, கிடைப்பது நியாயமான இழப்பீடு மட்டும்தான். மூன்று வாரப் பயிற்சிக்கு அவர்களுக்கு உண்மையில் என்ன செலவானது என்று கணக்குக் கேளுங்கள். மகன் கையெழுத்திட்ட தாளின் நகலையும் கேட்டு வாங்குங்கள். அதில் பயிற்சிக் காலத்துக்கென்று தனி விதி இருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள்.