‘சாங்க்வின்’ (sanguine) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு என்ன பொருள்? ஓர் அகராதி ரத்தம் என்கிறது, இன்னொன்று நம்பிக்கை என்கிறதே?

இரண்டுமே சரிதான். ஆனால் இன்று நீங்கள் படிக்கிற இடங்களில் பெரும்பாலும் நம்பிக்கைதான்.

இந்தச் சொல்லால் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். சிங்கப்பூர் வந்து வேலையில் சேர்ந்த புதிது. ‘ஐ ஆம் நாட் சாங்க்வின் அபௌட் தி ஜூன் டெட்லைன்’ என்று மேலாளரிடமிருந்து ஒரு மின்னஞ்சல். லத்தீனில் சாங்குவிஸ் என்றால் ரத்தம் என்று எங்கோ படித்திருந்தேன். சரி, ‘ஜூன் மாதத்துக்காக ரத்தம் சிந்த வேண்டாம்’ என்கிறார் போல என்று நானே பொருள் பண்ணிக்கொண்டு, கீழே கோப்பிக் கடைக்குப் போய்விட்டேன். அவர் சொன்னதோ, ‘ஜூனுக்குள் முடியும் என்று எனக்குத் தெம்பில்லை’. மாலைக் கூட்டத்தில் ரத்தம் சுண்டிப்போனது என் முகத்தில்தான்.

ரத்தம் எப்படி நம்பிக்கையானது? பழைய கிரேக்க வைத்தியக் கணக்கில் உடம்பில் நான்கு நீர்கள்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். பழங்காலக் கிரேக்க வைத்தியர் இப்போகிரேட்டஸ் மரபில் தொடங்கிய இந்தக் கருத்தை, பின்னால் வந்த கேலன் என்ற வைத்தியர் வளர்த்தார்; பல நூற்றாண்டுகள் ஐரோப்பா இதை நம்பியது. எது மிஞ்சுகிறதோ அதுவே ஆளின் குணம். ரத்தம் மிஞ்சியவருக்குச் சிவந்த முகம், கலகலப்பு, ‘எல்லாம் நடக்கும்’ என்ற தெம்பு. மஞ்சள் பித்தம் மிஞ்சினால் கோபக்காரர். நம் வாத பித்த கபக் கணக்கு வேறு. சித்த மருத்துவத்தில் ரத்தம் அந்த மூன்றில் சேராது, ஏழு உடற்கட்டுகளில் ஒன்று. பித்தம் தலைக்கேறினால் அவர்களுக்குக் கோபம், நமக்குப் பைத்தியம்!

தமிழில் ‘நம்பிக்கையான’ என்று போட்டால் தப்பில்லை, ஆனால் எனக்கு அது சப்பென்று இருக்கிறது. ‘தெம்பு’தான் பொருத்தம், அதில் உடம்பும் இருக்கிறது, மனசும் இருக்கிறது. இன்னொன்று, சந்தோஷமாக இருப்பவரை எல்லாம் சாங்க்வின் என்று சொல்ல முடியாது. முடிவு தெரியாத, கொஞ்சம் சிக்கலான விஷயத்தில் ஒருவர் தெம்பாக இருந்தால்தான் இந்தச் சொல் உட்காரும். என் மேலாளர் எழுதிய மாதிரி ‘நாட்’ சேர்த்து எழுதுவதும் சகஜம். நாசூக்காக அவநம்பிக்கையைச் சொல்லும் வழி அது.

ரத்தச் சிவப்பு நிறத்துக்கும் இதே சொல் உண்டு. ஓவியர்கள் பயன்படுத்தும் செம்பழுப்புச் சுண்ணக்கட்டிக்கும் இதே பெயர்தான்.

அப்புறம், ‘சாங்க்வினரி’ (sanguinary) என்று ஒரு பங்காளி இருக்கிறது, ஜாக்கிரதை. அதற்கு ரத்தவெறி பிடித்த, ரத்தம் சிந்துகிற என்று பொருள். ஜேசியில் (ஜூனியர் காலேஜ்) படிக்கும் என் மகள் ஜிபி (ஜெனரல் பேப்பர் என்ற பாடம்) கட்டுரையில், பொருளியல் வல்லுநர்கள் அடுத்த ஆண்டு வளர்ச்சி பற்றி ‘சாங்க்வினரி’யாக இருக்கிறார்கள் என்று எழுதிவிட்டாள். ஆசிரியர் பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார், அதுவும் சிவப்பு மையில்.