கைமா என்றாலே பிரட்டல்தானா?

கேள்வி: மாட்டுக்கறி கைமா வாங்கினால் எங்கள் வீட்டில் ராத்திரிக்குப் பிரட்டல்தான், பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிறார்கள். வேறு என்ன செய்யலாம்?
– வாசகி, ஆம்பூர்

பதில்: கோலா உருண்டை போடுங்கள், ஆட்டுக்கறியில்தான் செய்யணும் என்று சட்டமா என்ன! அரை கிலோ கைமாவை இஞ்சி பூண்டு, மஞ்சள், உப்போடு தண்ணீர் ஊற்றாமல் வதக்கி, அது விடும் நீரிலேயே வெந்து சுண்டி, சட்டியில் சடசடவென்று சத்தம் வரும்வரை விடுங்கள், இங்கே அவசரப்பட்டால் உருண்டை எண்ணெயில் உடைந்துவிடும், நானே ஒரு சட்டி எண்ணெயைப் பாழாக்கியிருக்கிறேன். ஆறியதும் தேங்காய், சோம்பு, பச்சைமிளகாயோடு அரைத்து, கெட்டிப்படும் அளவு பொட்டுக்கடலை மாவும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் பிசைந்து, உருட்டிப் பொரியுங்கள். ரசம் சோற்றுக்கு அருமையான ஜோடி. அப்புறம், பிரட்டல் மிஞ்சினால் மதுரைக் கறிதோசை மாதிரி, கனமான தோசைமேல் முட்டையோடு பரப்பித் திருப்பிப் போடுங்கள்.