எட்டு சபைகளும் ஒரு நோட்டும்

கேள்வி: எங்கள் கத்தோலிக்கக் கோயில் பங்கில் சபைகளுக்குக் குறைவில்லை, ஆனால் ஒவ்வொன்றும் அதனதன் வழியில் போகிறது. எல்லோரும் ஒரே நோக்கத்தோடு சேர்ந்து பணி செய்வது உண்மையில் நடக்கிற காரியமா?

நடக்கிற காரியம்தான். எங்கள் பங்கில் நடந்ததைச் சொல்கிறேன், உங்களுக்கு எது பொருந்துமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

திண்டுக்கல் பக்கம் ஒரு கத்தோலிக்கப் பங்கு எங்களுடையது. 14 அன்பியங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்த சிறு குழுக்கள். அது போக ஏழைகளுக்கு உதவுகிற வின்சென்ட் தே பவுல் சபை, வீடுகளுக்குப் போய் ஜெபிக்கிற மரியாயின் சேனை, பாடகர் குழு, இளையோர் இயக்கம், மறைக்கல்வி ஆசிரியர்கள் என்று மொத்தம் எட்டு அமைப்புகள். நான் 12 வருடம் பாடகர் குழுவில் இருந்தவன், அந்த 12 வருடத்தில் மற்ற ஏழு பேரும் வாரம் முழுக்க என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது, கேட்கவும் தோன்றியதில்லை. திருவிழா வந்தால் எல்லோரும் ஒரே அறையில் உட்காருவோம். எந்த நாள் நவநாள் (திருவிழாவுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம்) யாருடைய பொறுப்பு, நோட்டீஸில் எந்தச் சபையின் பெயர் முதலில் வர வேண்டும் என்று வாக்குவாதம் செய்துவிட்டுக் கலைவோம்.

2019 தவக்காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில், ஒரு பங்குப் பேரவைக் கூட்டம். அன்பியப் பொறுப்பாளராக இருக்கிற ஒரு அக்கா எழுந்து, "ரேஷன் கடைக்குப் பின்னால இருக்கிற பாட்டிய யார் பாக்குறீங்க?" என்று கேட்டார். நான்கு கைகள் உயர்ந்தன. மாத முதல் வெள்ளிக்கு நற்கருணை (பூசையில் அர்ச்சித்த அப்பம்) கொண்டு போகிற சிஸ்டர், பெண்கள் பணிக்குழு, சேனை, வின்சென்ட் சபை. சரி, நல்லதுதான். "ரயில்வே கேட்டுக்கிட்ட, சர்க்கரையில காலெடுத்த அண்ணன் இருக்காரே, அவர?" கூட்டத்தில் சத்தமே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து சேனையில் இருக்கிற வயதான அம்மா ஒருவர் சொன்னார்: "நாங்க ரெண்டு பேர் போனோம்மா. ஜெபமாலை சொன்னோம். அடுப்பு எரியலன்னு பாத்ததுமே தெரிஞ்சது. ஆனா நாங்க எதுவும் குடுக்கக் கூடாதே." மரியாயின் சேனையின் விதி அது. வீடு வீடாகப் போய்ச் சந்திக்கலாம், ஜெபிக்கலாம், பொருளுதவி செய்யக் கூடாது. வின்சென்ட் சபைத் தலைவர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். "எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா, எங்க வேலையே அதுதானே" என்றார்.

அந்த அண்ணன் பூட்டுப் பட்டறையில் வேலை பார்த்தவர். திருவிழாச் சப்பரத்தை வருடா வருடம் தோளில் தூக்கியவர். எட்டு மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை. எட்டு அமைப்புகள் இருந்தும் எங்களில் ஒருவருக்குக்கூட அவரைக் காணோமே என்று தோன்றவில்லை. இப்போது எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது.

மறுநாளே ஒரு நீளக் கோட்டு நோட்டு வாங்கினோம். அவ்வளவுதான் எங்கள் திட்டம். எந்த வீடு, யார் போனார்கள், என்ன பார்த்தார்கள், அடுத்து யார் எப்போது போக வேண்டும். யார் வீட்டுக்குப் போனாலும் அன்று சாயங்காலமே எழுதிவிட வேண்டும். பண உதவி எவ்வளவு என்பது மட்டும் அதில் வராது, அது வின்சென்ட் சபைக்குள்ளேயே இருக்கும். அவர்கள் கூட்டத்தில் ஒரு துணிப்பை சுற்றி வரும், யார் எவ்வளவு போட்டார்கள் என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது, அந்த மரியாதை வாங்குகிறவர்களுக்கும் வேண்டும் இல்லையா.

இரண்டு மாதத்தில் எங்களுக்கே புரிந்த விஷயம், பெரும்பாலான வீடுகளில் முதல் தேவை அரிசி இல்லை. தாள்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, முதியோர் உதவித்தொகை மனு, ஆதாரில் தப்பாக இருக்கிற பிறந்த வருடம். முதியோர் உதவித்தொகை அப்போது மாதம் 1,000 ரூபாய், 2023-இல் 1,200 ஆனது. ஒரு பாட்டிக்கு அது வர ஆரம்பித்தால், நாங்கள் கிறிஸ்துமஸுக்குக் கொடுக்கிற ஐந்து கிலோ அரிசியைவிட எவ்வளவோ பெரிது. இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைய யாரால் முடியும்? இளையோரால். திருவிழாவுக்கு விளக்கு கட்டுவதோடு தங்கள் வேலை முடிந்தது என்று இருந்த பையன்கள், ஒரு பாட்டிக்கு முதல் மாதப் பணம் வந்த அன்று கோயில் வாசலில் குதித்ததை நான் பார்த்தேன்.

ஒரு தப்பும் செய்தோம். அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வீட்டுக்குப் பத்துப் பேர் போனோம், அரிசி மூட்டை, சேலை, எல்லாக் கையிலும் போன். அந்த வீட்டுப் பெண் பிள்ளை, பிளஸ் டூ படிக்கிறவள், உள்ளே போனவள் வெளியே வரவே இல்லை. போட்டோ வாட்ஸப்பில் வந்து கிளாஸில் எல்லோரும் பார்த்துவிடுவார்கள் என்று பயந்தாளாம். அவள் அம்மா பிறகு அக்காவிடம் சொன்னார். அன்றோடு போட்டோவை நிறுத்தினோம். போவது இரண்டே பேர், அது எல்லா அமைப்புக்கும்.

வின்சென்ட் சபை தொடங்கியதே இப்படி வீடு தேடிப் போய்த்தான். 1833, பாரிஸ். பிரெடெரிக் ஓசானாம் அப்போது 20 வயது மாணவர். விவாதக் கூட்டத்தில், உங்கள் திருச்சபை இன்றைக்கு ஏழைகளுக்கு என்ன செய்கிறது என்று ஒருவர் கேட்க, பதில் பேசிக்கொண்டிருக்காமல் நண்பர்கள் சிலரோடு ஏழைகளின் வீடுகளுக்கே போக ஆரம்பித்தார். எந்தெந்த வீடு என்று காட்டியவர் அந்தப் பகுதி ஏழைகளை நன்றாக அறிந்த ரோசலி என்ற அருட்சகோதரி. இதை வாசித்தபோது எனக்கு எங்கள் அன்பியத்து அக்காதான் ஞாபகம் வந்தார். வீடு தெரிந்த ஒருவர் வேண்டும், போகத் தயாராக இருக்கிற சிலர் வேண்டும்.

"கண் கையைப் பார்த்து, நீ எனக்குத் தேவையில்லை எனச் சொல்ல முடியாது" என்று பைபிளில் பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை நான் எத்தனையோ முறை கோயிலில் கேட்டிருக்கிறேன். எங்கள் ஊரில் கண் மரியாயின் சேனை, கை வின்சென்ட் சபை, நடுவில் தொடர்பே இல்லை. அதனால் உங்களுக்கு நான் சொல்வது, "ஒருங்கிணைப்புக் கூட்டம்" போட்டு ஆரம்பிக்காதீர்கள், டி-ஷர்ட் அடிக்காதீர்கள். ஒரே ஒரு தெருவை எடுத்து, இந்தத் தெருவில் யார் வீட்டுக்கு யார் போகிறோம் என்று எல்லோரும் இருக்கிற இடத்தில் கேளுங்கள். அந்த மௌனம் போதும்.

அப்புறம், நோட்டில் கிறிஸ்தவர் அல்லாத வீடுகளும் வரும், வர வேண்டும். "நம்ம ஆளுங்களுக்கே பத்தல" என்று எங்களிடமும் ஒருவர் சொன்னார். இயேசு சொன்ன கதையில், அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய சமாரியன் அவனிடம் ஊர் பேர் கேட்டானா என்று அக்கா திருப்பிக் கேட்டார். இன்று மூன்றில் ஒரு பங்கு அப்படிப்பட்ட வீடுகள்.

பாடகர் குழுவுக்கும் வேலை இருந்தது. படுத்த படுக்கையாக இருப்பவர்கள் வீட்டில், மைக் இல்லாமல், இரண்டு பேர், இரண்டு பாட்டு. இத்தனை வருடத்தில் நான் பாடியதிலேயே நன்றாகப் பாடியது அந்த அறைகளில்தான் என்று நினைக்கிறேன்.

அந்தக் காலெடுத்த அண்ணன்தான் இப்போது நோட்டை வைத்திருக்கிறார். வீட்டில் இருப்பவர், கையில் போன் இருக்கிறது, பங்கில் எல்லாத் தெருவும் தோள் அளந்த தெரு. யாருக்கு எந்த வீடு, எந்தக் கிழமை என்று அவர்தான் கூப்பிட்டுச் சொல்கிறார். எனக்கு இந்த வாரம் வியாழக்கிழமை, ரேஷன் கடைக்குப் பின்னால் அதே பாட்டி. இரண்டு நாள் முன்பே போன் செய்துவிட்டார்.