நாலு கட்டு பீடி

கேள்வி: பி.ஏ. முடித்தவள், வயது 27. ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருக்கிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. தம்பி பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். அரசு வேலைக்கான குரூப் 4 தேர்வை இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை. “உனக்கு வைராக்கியம் போதாது, வேலையை விட்டுட்டு சென்னையில தங்கிப் படி” என்கிறார் மாமா. நீங்களும் பீடி சுற்றிக்கொண்டே படித்து அரசு வேலைக்கு வந்தவர்தானே? வேலையை விட்டுவிடட்டுமா?
– ஒரு வாசகி, பேரணாம்பட்டு

பதில்: விடாதேம்மா.

முதலில் மருந்துக் கணக்கைப் பார்ப்போம். உன் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா? மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. உன்னை நம்பியிருக்கும் அப்பா அம்மாவுக்கும் அதில் வைத்தியம் பார்க்கலாம். வேலையை விட்டால் கொஞ்ச நாளில் அதுவும் கையை விட்டுப் போகும். சென்னையில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு, இங்கே அப்பாவின் மருந்துச் சீட்டையும் நினைத்துக்கொண்டு நீ என்ன படிப்பாய்? மாமா இதையெல்லாம் கணக்குப் பார்த்துச் சொன்னாரா என்று கேள். கோபமாக வேண்டாம், மரியாதையாகவே கேள்.

அடுத்தது வைராக்கியம். என்னைப் பற்றிக் கேட்டாய் அல்லவா, அதைக் கொஞ்சம் முழுதாகச் சொல்கிறேன்.

குடியாத்தத்தில் எங்கள் அப்பா கைத்தறியில் லுங்கி நெய்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. தேறியது 1977ல், அந்தக் காலத்துப் பதினொன்றாம் வகுப்பு. அதே வருஷம் அப்பா போய்விட்டார். அம்மாவும் நானும் பீடி சுற்றினோம். ராத்திரி இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைப்போம். விடிந்ததும் தகரத் தகட்டை அளவு வைத்துக் கத்திரியால் வெட்டுவது, அப்புறம் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு தூள் போட்டுச் சுற்றுவது, முனை மடிப்பது, நூல் கட்டுவது. கட்டுக்கு 25 பீடி. ஆயிரம் பீடி என்றால் 40 கட்டு. சோற்றைப் பிசைந்தால் அதிலும் புகையிலை நெடி வரும்.

டைப்ரைட்டிங் படித்தால் வேலை கிடைக்கும் என்று பள்ளிக்கூடத்து டீச்சர் சொல்லியிருந்தார். காலை 6 மணியிலிருந்து 7 வரை வகுப்பு, மாதம் 15 ரூபாய். அந்த 15 ரூபாயைக்கூட எப்படியோ புரட்டிவிடலாம். சிக்கல் அந்த ஒரு மணி நேரத்தில்தான். நான் மணிக்கு நூறு பீடி சுற்றுவேன். வகுப்புக்குப் போனால் தினம் நாலு கட்டு குறையும். குறைந்தால் வாரக் கூலியில் இடிக்கும், அரிசியில் இடிக்கும். நான் பேசாமல் இருந்தேன். அம்மாதான் சொன்னாள்: “நீ போய்ட்டு வா. அந்த நாலு கட்ட நான் சுத்திக்கிறேன்.”

தமிழும் இங்கிலீஷும், லோயரும் ஹையரும் முடிக்க இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது. அத்தனை நாளும் அம்மா விடிவதற்கு முன்னே எழுந்து, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் என்னுடைய நாலு கட்டைச் சுற்றினாள். அங்கே நான் ‘யளனகபக’ அடித்துக்கொண்டிருந்தேன். 1983ல் வேலைக்கு ஆர்டர் வந்தது. இப்போது விழாவுக்குக் கூப்பிட்டு, ‘விடாமுயற்சிக்கு எடுத்துக்காட்டு’ என்று சொல்லிச் சால்வை போர்த்துகிறார்கள். வாங்கிக்கொள்கிறேன், வேறென்ன செய்ய? ஆனால் அம்மாவின் நாலு கட்டைக் கழித்துவிட்டால் அந்த விடாமுயற்சியில் என் பங்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

அதனால் உன் மாமாவைக் கேட்பதை விட உன் தம்பியைத்தான் கேட்பேன். தண்ணீர் பிடிப்பது, ரேஷன் கடை வரிசை, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, இதெல்லாம் இன்று யார் செய்கிறார்கள்? நீ எழுதவில்லை, ஆனாலும் என்னால் ஊகிக்க முடிகிறது. நாளையிலிருந்து அவன் செய்யட்டும். ‘அவனுக்குத் தெரியாது’ என்று அம்மா சொல்வார். தெரிந்துகொள்ளட்டும். ஷிப்ட் முடிந்து வந்தபின் உனக்கு ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் போதும்.

இன்னொன்று. இரண்டு முறை எழுதினேன், கிடைக்கவில்லை என்கிறாய். எத்தனை கேள்வியில் போனது? எந்தப் பகுதியில் போனது? பீடிக் கடையில் கட்டைப் பிரித்து எண்ணுவார்கள். 24 இருந்தால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். ‘ரொம்பக் கஷ்டப்பட்டுச் சுத்தினேங்க’ என்றால் யார் கேட்பார்கள்? எனக்கும் டைப்ரைட்டிங் ஹையர் முதல் முறை போனது. வேகம் போதவில்லை என்று நானாக நினைத்துக்கொண்டு மூன்று மாதம் வேகத்துக்கே உழைத்தேன். பிறகு பழைய தாள்களை இன்ஸ்டிடியூட் மாஸ்டர் சிவப்பு மையில் சுழித்துக் காட்டினார். வேகம் இருந்தது, பிழைதான் மிஞ்சிப் போயிருந்தது. மூன்று மாதம் தப்பான பக்கம் உழைத்திருக்கிறேன்! அம்மாவிடம் நான் அதைச் சொல்லவே இல்லை.

குரூப் 4ல் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். அதில் 100 கேள்வி தமிழ். தமிழில் 150க்கு 60 வாங்காவிட்டால் மறுபாதியைத் திருத்தவே மாட்டார்கள். நம் பிள்ளைகள் பலர் தமிழ்தானே என்று அதை விட்டுவிட்டு நடப்புச் செய்திகளை உருப்போடுகிறார்கள். உண்மையில் மதிப்பெண்ணை அள்ளக்கூடிய இடம் தமிழ்தான். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரையுள்ள தமிழ்ப் புத்தகங்களை எடுத்துக்கொள். பழைய கேள்வித்தாள் ஒன்றை வீட்டில் கடிகாரம் வைத்து எழுதி, எங்கே ஓட்டை என்று பார். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் என்று ஒன்று இருக்கிறது, இலவசப் பயிற்சி தருகிறார்கள். சென்னைக்குப் போவதற்கு முன் ஒரு நாள் லீவு போட்டு அங்கே போய் விசாரி.

அடுத்த முறையும் கிடைக்காவிட்டால் எழுது. அப்போது வேறு பேசுவோம். தையல் பிரிவிலேயே மேலே போகும் வழி இருக்கிறதா என்றும் பார்க்கலாம், அது ஒன்றும் கௌரவக் குறைவில்லை.

கேள்வி: மன உறுதி வளர்ப்பது பற்றி தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து வீடியோ பார்க்கிறேன். பத்து நாளில் உற்சாகம் வடிந்துவிடுகிறது. எனக்கு மூன்று அரியர் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: நாலு மணிக்குத் தூங்குங்கள் தம்பி. ஆறு மணிக்கு எழுந்து முதல் அரியரை எடுங்கள்.

கேள்வி: என் கணவர் லாரி ஓட்டியவர், வயது 41. விபத்தில் வலது கால் முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஐந்து மாதமாகிறது. “எனக்கு வண்டி ஓட்டுறதத் தவிர இன்னா தெரியும்” என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அவருக்கு எப்படி மன உறுதி கொடுப்பது?
– ஒரு மனைவி, ராணிப்பேட்டை

பதில்: அது கொடுக்கிற பொருள் இல்லை தங்கச்சி. ஐந்து மாதம் அதிகமும் இல்லை. இருபது வருஷம் ஆக்சிலரேட்டரில் இருந்த கால், துக்கப்படட்டும்.

வேலூர் என்றால் எல்லோரும் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரைச் சொல்வார்கள். நான் டாக்டர் மேரி வர்கீஸைச் சொல்கிறேன். கேரளத்தில் பிறந்து வேலூரில் மருத்துவம் படித்தவர். மகப்பேறு மருத்துவராக வரவேண்டும் என்பது ஆசை. 1954ல் கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயல் போய்விட்டது. அப்போது டாக்டர் பால் பிராண்ட் அங்கே தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சை செய்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். கையில் செய்கிற அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்ய முடியும். மேரி சக்கர நாற்காலியில் இருந்துகொண்டே அதைக் கற்றுச் செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966ல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கியது, 1972ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

மேடைகளில் இதைச் ‘சாதித்துக் காட்டினார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் அந்த ‘உட்கார்ந்தபடியே’தான். உன் கணவருக்கு ஓட்டுவது மட்டுமா தெரியும்? எந்த ஊருக்கு எவ்வளவு டீசல், எந்த லோடுக்கு என்ன வாடகை, எந்த டயர் எத்தனை கிலோமீட்டர் தாங்கும், எந்த டிரைவரை நம்பலாம், இதெல்லாம் அவருக்கு அத்துப்படி. லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து செய்கிற வேலை முழுக்க இதுதான். அவருடைய பழைய முதலாளியிடமோ கூட ஓட்டியவர்களிடமோ நீயே ஒருமுறை பேசிப் பார். அவரிடம் ‘தைரியமா இரு’ என்று சொல்வதற்குப் பதில், ‘இந்த லோடுக்கு இன்னா வாடக கேக்கலாம்’ என்று ஒரு டிரைவரை விட்டு போனில் கேட்கச் சொல்.

இதற்கிடையில் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கிவிடு. ஆட்சியர் அலுவலகத்தில் அதற்கென்று தனி அலுவலகம் இருக்கிறது. திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம். செயற்கைக் காலுக்குப் புண் நன்றாக ஆறியிருக்க வேண்டும், அதை டாக்டரிடம் கேட்டுக்கொள்.

கேள்வி: பீடி சுற்றியவர் என்று அலுவலகத்தில் யாராவது உங்களை இளக்காரமாகப் பார்த்தார்களா? அதை எப்படிச் சமாளித்தீர்கள்?
– வாசகர், திருப்பத்தூர்

பதில்: சமாளிக்கவில்லை, மறைத்தேன். முதல் மூன்று வருஷம் ‘அப்பா நெசவு’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். டிபன் டப்பாவில் புகையிலை வாசம் வருமோ என்று தனியாகப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஒரு மார்ச் மாதம், வருஷக் கடைசி. மேசை நிறைய பைல். ஒவ்வொன்றாகக் கட்டி ரெக்கார்டு ரூமுக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். அவசரத்தில் கை தன் பாட்டுக்குப் பழைய வழியில் போய்விட்டது. நாடாவை இரண்டு சுற்று, கட்டைவிரலால் ஒரு அழுத்து, ஒற்றைக் கையால் முடிச்சு. எதிர் சீட்டில் இருந்த சீனியர், அதிகம் பேசாத மனிதர், எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னாம்மா, குடியாத்தமா?” என்றார்.

ஆமாம் என்றேன்.

“எங்கம்மாவும் இப்டித்தான் முடிச்சு போடும்” என்று சொல்லிவிட்டு, தன் மேசையில் இருந்த பைல்களையும் என் பக்கம் தள்ளிவிட்டார்.